வேப்பிலை இல்லாத வாசல்கள்

ஒரு காலத்தில் மருதந்துறை நாட்டை ஏகவீரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாகக் காதில் ஓதியவன் சொன்னதே அவனுக்கு வேதம்.

அந்த வருஷக் கோடையில் ஊரில் அம்மை கண்டது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகுவது அந்த ஊர் வழக்கம். அதைப் பார்த்தால் பிச்சைக்காரன்கூட அந்த வீட்டுப் படி ஏறமாட்டான். உள்ளே இருப்பவர்களுக்கும் நிம்மதி, வெளியே இருப்பவர்களுக்கும் காப்பு.

ராஜா முடிசூட்டிக்கொண்ட ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. உப்பரிகையில் நின்று பார்த்தான். தெருவுக்குத் தெரு, வாசலுக்கு வாசல் வேப்பிலை.

"விழாவுக்கு ஏழு நாட்டு ராஜாக்கள் வருகிறார்களே! இதைப் பார்த்தால் என் ஆட்சியைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

மந்திரி தேவநம்பி, "விழாவைத் தள்ளிப்போடுங்கள் மகாராஜா. சந்தையையும் கொஞ்ச நாள் மூடிவைப்போம். உயிரோடு இருந்தால் எத்தனை விழா வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்றார்.

பொக்கிஷ அதிகாரி சிங்காரமூர்த்திக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. அவன் குழைந்துகொண்டே முன்னால் வந்தான். "மந்திரியார் ஊரைப் பயமுறுத்துகிறார் பிரபு. நோயை யார் கண்ணால் பார்த்தது? கண்ணில் படுவது வேப்பிலைதானே? அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது!"

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். "அப்படிப் போடு!" என்றான்.

அன்றே தமுக்கு அடித்தார்கள். வாசலில் வேப்பிலை செருகினால் கசையடி. யாருக்கு நோய் என்று வாய்திறந்து சொன்னாலும் கசையடி. போதாததற்குச் சிங்காரமூர்த்தி ஊரிலிருந்த வேப்பமரங்களையும் வெட்டிச் சாய்த்தான். விழா அமர்க்களமாக நடந்தது. வந்த ஜனம் கண்ட வீட்டில் தண்ணீர் குடித்தது, கண்ட வீட்டில் படுத்தது. பாவம், அதற்கென்ன தெரியும்? விழாத் தேர் நிலைக்கு வந்த சில நாளிலேயே பாடைகள் கிளம்பின.

மந்திரிக்கு ஒரே மகள், தாயில்லாப் பெண், வல்லி. விழாவன்று முறுக்குத் தட்டோடு தோழி வீட்டுக்குப் போனவள், சில நாள் கழித்துக் காய்ச்சலில் விழுந்தாள். உடம்பெங்கும் முத்து முத்தாக அம்மை. தேவநம்பி அலைந்து திரிந்து ஒரு கொத்து வேப்பிலை தேடிவந்து வாசலில் கட்டினார். காவலர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவர் சபையில் இருந்த நேரம் தெருப்பெண்கள் இரண்டு பேர் உள்ளே வந்து வல்லியின் தலையைக் கோதிவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் கேட்ட மனிதர், என் வீட்டுப் பாவம் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போகுமோ என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் சிங்காரமூர்த்தி, "நாட்டில் நோயே இல்லை! மகாராஜாவுக்கு 'நோய் வென்ற பெருமான்' என்று பட்டம் சூட்டவேண்டும்" என்றான்.

தேவநம்பி எழுந்தார். அழுது வீங்கிய கண். "பேஷாகச் சூட்டலாம். அதற்கு முன்னால் மகாராஜா ஊருக்குள் வந்து, ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய் ஒரு குவளை மோர் குடிக்கட்டும். குடித்துவிட்டால் நான் நாட்டைவிட்டே போகிறேன். குடிக்க முடியாவிட்டால் வேப்பிலைத் தடையை எடுத்துவிட வேண்டும்."

"இவ்வளவுதானா? புறப்படு!" என்றான் ராஜா.

முதல் வாசல். ஒரு கிழவர் கைகட்டி நின்றார். "உங்கள் வீட்டில் நோய் உண்டா?" என்றான் ராஜா.

"இல்லீங்க மகாராஜா. எல்லாரும் சௌக்கியம்." உள்ளேயிருந்து முனகல் கேட்டது. ராஜா நகர்ந்தான்.

அடுத்த வாசலில் ஒரு பெண். "எல்லாரும் சௌக்கியமுங்க சாமி" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அடுத்த வாசலிலும் சௌக்கியம். அதற்கடுத்த வாசலிலும் சௌக்கியம். சொன்னவர்கள் எல்லாரும் காவலரின் கசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். எது நிஜம், எது பயம்? ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"சிங்காரம், நீ முதலில் போய்க் குடி."

"நானா? பிரபு... காலையிலிருந்து வயிறு சரியில்லை..." அவன் பின்புறமாகவே நகர்ந்து கூட்டத்துக்குள் பதுங்கினான்.

தெருக்கோடியில் மந்திரி வீடு. ராஜாவுக்கு உயிர் வந்தது. "வேறெங்கும் வேண்டாம். நம் மந்திரி வீட்டிலேயே குடிக்கிறேன்!" என்று விறுவிறுவென்று படியேறினான்.

தேவநம்பி ஓடிப்போய் வாசலை மறித்து நின்றார். "வேண்டாம் மகாராஜா. உள்ளே என் மகளுக்கு அம்மை."

ராஜாவின் கால் படியிலேயே நின்றது. "வாசலில் வேப்பிலையைக் காணோமே?"

"கட்டினேன். உங்கள் காவலர்கள் பிடுங்கிவிட்டார்கள்."

"நீ மட்டும் மறிக்காவிட்டால் நான் உள்ளே போயிருப்பேனே!"

"போயிருப்பீர்கள். வல்லியும் அப்படித்தான் ஒரு வீட்டுக்குள் போனாள்."

ராஜா தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான்.

"ஒரு கொத்து வேப்பிலை. வேறொன்றும் வேண்டாம்."

ஊரில் வேப்பமரம் ஏது? "வெட்டியவனே சுமந்து வரட்டும்" என்றான் ராஜா. சிங்காரமூர்த்தி பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடாகச் சுருட்டிவைத்து, மலையடிவாரத்திலிருந்து தழைக்கட்டைத் தலையில் சுமந்து வந்தான். வாசல் வாசலாக அவனே செருகினான். எந்த வீட்டிலும் ஒருவரும் அவனைத் திட்டவில்லை. அழவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

அவன் மந்திரி வீட்டுக்கு வந்து சேருவதற்குள் வல்லி போய்விட்டாள். தேவநம்பி அவன் கையிலிருந்து கொத்தை வாங்கித் தாமே வாசலில் செருகினார். "இனி யாருக்காக ஐயா?" என்று கேட்டு விம்மினான் சிங்காரமூர்த்தி.

"தெருவில் இன்னும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றார் அவர்.

துக்கம் கேட்க ராஜா நடந்தே வந்தான். மந்திரியைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்றுதான் வந்தான். வாசலில் வேப்பிலை தெரிந்தது. நாட்டுக்கே ராஜா, படியேறாமல் தெருவிலேயே நின்று கைகூப்பி அழுதான்.