புதுநகர்க் கிணற்றுக் கெண்டைகள்

முன்னொரு காலத்தில் கடம்பங்கோட்டையை உக்கிரபூபதி என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நினைத்தது நினைத்தபடி நடக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில் அவனுடைய நாய் ஒரு மேட்டில் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டது. இந்த மண்ணில் ஏதோ சுகம் இருக்கிறது, புதுநகர் இங்கேதான் எழும்ப வேண்டும் என்றான் மன்னன். மற்ற ராசாக்களின் நாய்கள் முயலைத் துரத்தி நகரம் கண்டன. இவனுடைய நாய் குறட்டை விட்டே கண்டது.

அந்த மேடு பழைய தோல் களம். தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்பும் பாஷாணமும் கரைத்த குழிகள் அங்கே நாற்பதுக்கு மேல் இருந்தன. நச்சு மண்ணைத் தோண்டி அகற்ற ஒரு வருடம் வேண்டும் என்றார் மந்திரி. மந்திரியின் பேரைக் கேட்டாலே வயிறு எரிகிற அதிகாரி சேந்தையன், ஒரே மாதத்தில் முடிப்பதாகச் சொல்லி வேலையை வாங்கிக்கொண்டான். குழிகளின் மேல் மணலைக் கொட்டி மூடினான். நடுவில் ஒரு கிணறும் வெட்டுவித்தான்.

தண்ணீர் பளிங்காக ஊறியது. கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் அதைத்தான் குடித்தன. ஆற்றுக்குப் போனால் வேலை கெடும் என்று சேந்தையன் காவல் போட்டிருந்தான், பாவி. மூன்று மாதத்தில் பதின்மூன்று குழந்தைகள் செத்தன. அடுத்து நோயில் படுத்தவள், அந்தக் கிணற்றை வெட்டிய வீரக்காளின் ஒரே மகள் சிலம்பாயி.

வீரக்காள் சபைக்குப் போய், எங்களை ஆற்றுத் தண்ணீர் குடிக்க விடுங்கள் என்று அழுதாள். சேந்தையன் சிரித்தான். கிணற்றில் கெண்டை விட்டுப் பார்ப்பதுதானே ஊர் வழக்கம், பத்து மீன் விடுவோம், எட்டு நாள் பிழைத்தால் தண்ணீர் நல்லது என்றான். பிழைத்தால் இவள் நாக்கை அறுப்பேன் என்றான் மன்னன்.

தினமும் காலையில் மன்னன் வந்து எட்டிப் பார்த்தான். பத்து மீன்களும் துள்ளின. ஆனால் கிணற்றுக்குள் இறங்கிப் பழகிய வீரக்காளுக்கு, நேற்றைய மீன் இன்று இல்லை என்பது தெரிந்துபோயிற்று. செத்ததை அள்ளிவிட்டுப் புதிதாக விடுகிறார்கள். சொன்னால் யார் நம்புவார்கள்?

ஏழாம் நாள் மீன்களை வலையில் ஏந்திவந்து, மன்னர் கையாலேயே வால் நுனியை நறுக்கி அடையாளம் போட வேண்டும் என்று கேட்டாள். சேந்தையன் சற்றுத் தள்ளி நின்றான். அவள் மன்னன் காதில் ஏதோ சொன்னாள். விளையாட்டென்றால் உயிரை விடும் மன்னன் உற்சாகமாகக் கத்தரியை எடுத்தான். எல்லாவற்றுக்கும் வால் நறுக்கியாயிற்று என்று அறிவித்தான்.

மறுநாள் காலை மீன்களை மேலே கொண்டுவந்தார்கள். பத்தும் உயிரோடிருந்தன. பத்துக்கும் வால் நுனி இல்லை.

"பார்த்தீர்களா அரசே? உங்கள் அடையாளம் அப்படியே இருக்கிறது" என்றான் சேந்தையன்.

"நான் நறுக்கியது ஒன்பதுக்குத்தானே" என்றான் மன்னன். "ஒன்றை முழுசாக விடச் சொன்னாள். பத்தாவதற்கு யாரப்பா நறுக்கியது?"

மன்னன் தொடையைத் தட்டிச் சிரித்தான். வீரக்காள் சிரிக்கவில்லை. என்ன வேண்டும் என்று மன்னன் கேட்டபோது, எல்லோருக்கும் ஆற்றுத் தண்ணீர், இப்போதே என்று மட்டும் சொன்னாள். அன்றே வண்டிகள் போயின.

பிறகு குழிகளைத் தோண்டினார்கள். கறுத்த மண்ணை ஊருக்கு வெளியே களிமண் பூசிய பள்ளத்தில் புதைத்தார்கள். கிணற்று நீரை நாள்தோறும் இறைத்து, களிமண் பாத்தியில் விட்டு வெயிலில் வற்றவைத்தார்கள். நீர் இறைக்கும் கவலைச் சாலை இழுக்க மாட்டுக்குப் பதில் சேந்தையனைப் பூட்டினார்கள். மாதம் ஒருமுறை வீரக்காள் கெண்டை விட்டுப் பார்த்தாள். செத்தன. மறுபடி இறைத்தார்கள்.

மூன்றாம் வருடம்தான் அதே பத்து மீன்களும் எட்டு நாள் பிழைத்தன. மன்னன் மேளதாளத்தோடு வந்தான். "உன் புத்திக்கு வெகுமதி" என்று ஒரு ஜோடிச் சின்னத் தங்கக் காப்பை நீட்டினான். "உன் மகளுக்குப் போட்டுவிடு."

வீரக்காள் அதை வாங்கவில்லை.

"அவ போயி மூணு வருசமாச்சு ராசா. நீங்க மீன் வாலைப் பாத்துத் தொடையைத் தட்டிச் சிரிச்சீங்களே, அன்னிக்குச் சாயங்காலம்."

மேளம் நின்றது. மன்னன் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்தான். செத்துப்போன மற்றக் குழந்தைகளின் பெயர் என்ன என்று கேட்டான். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.