பதிமூணு தலையும் ஒரு புலியும்

ஒரு ஊர்ல ஒரு பாத்திரக்கடைக்காரர் இருந்தாராம். பேரு அரியநாயகம். ஒரு நாள் அவர் வீட்டு ஆளுங்க பதினாலு பேரும் வேன் பிடிச்சு மிருகக்காட்சி சாலைக்குக் கெளம்பினாங்க. ம் சொல்லு, நீ சொன்னாதான் வேன் நகரும். ஆங், டுர்ர்ர்ருன்னு கெளம்பிருச்சு பாரு.

அதுல பூங்கோதைன்னு ஒருத்தி. அந்த வீட்டுக்குப் புதுசா வந்த மருமக. பள்ளிக்கூடத்துல புலி பாக்கக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு அவளுக்கு அம்மை போட்டிருந்துச்சாம். அன்னிலேர்ந்து ஒரே ஆசை, ஒரு தடவையாவது புலியக் கண்ணால பாத்துரணும்னு. பாவம், ராத்திரி பூரா தூங்கல அவ.

உள்ள போனதும் மாமனார் அரியநாயகம் தன் போனை அவ கையில திணிச்சுட்டார். அந்த வீட்டு வழக்கம் அப்படி. கடைசியா வந்தவதான் போட்டோ எடுக்கணும். இன்னொரு மருமக வர்ற வரைக்கும் இவளுக்கு விடுதலையே கெடையாது.

அப்புறம் யானைகிட்ட போனாங்க. புஸ்ஸு புஸ்ஸுன்னு மண்ண வாரித் தலையில போட்டுக்கிட்டு நின்னுச்சு யானை. இவங்க பதிமூணு பேரும் அதுக்கு முதுகக் காட்டி வரிசையா நின்னாங்க, மாமனார் நடுவுல. மாமியாருக்கோ தன் ஓரகத்தி பக்கத்துல நிக்கப் பிடிக்கல. அந்தப் பஞ்சாயத்து முடியறதுக்குள்ள யானை கொட்டகைக்குப் போயிருச்சு. பூங்கோதை பாத்ததெல்லாம் போனுக்குள்ள பதிமூணு தலைதான்.

அப்போ ஒட்டகச்சிவிங்கி வந்துச்சு. அதோட தலை விழாட்டியும் பரவால்ல, என் தலை விழணும்னுட்டார் மாமனார். விழுந்துச்சு. பின்னாடி நாலு காலு மட்டும் தெரிஞ்சுச்சு, பந்தக்கால் நட்டாப்புல. ம்?

கடைசியா புலி. காவக்காரர் பீப்ப்ப்புன்னு விசில் ஊதிட்டார், மூடற நேரம். எட்டிப் பாத்தா புதரு மட்டும் இருக்கு, புலியக் காணோம். பூங்கோதைக்கு அழுகையே வந்துருச்சு. மாமனாருக்கு ஒரு கவலையும் இல்ல.

"புலி இல்லாட்டி என்ன, புலின்னு போர்டு இருக்குல்ல. அதோட எடும்மா."

எல்லாரும் போர்டச் சுத்தி நின்னு பல்லக் காட்டினாங்க. அப்போ அவங்க பின்னாடி சரக், சரக்குன்னு ஒரு சத்தம். வேலிக்கு அந்தப் பக்கம் புதரு பிரிஞ்சுது. வந்துச்சு பாரு, மஞ்சளும் கறுப்புமா. பூங்கோதைக்குக் கூப்பிடணும்னுதான் இருந்துச்சு, வாய தொறந்தா வெறும் காத்துதான் வருது. கையில போன் இருக்கறதே மறந்துபோச்சு அவளுக்கு. புலி நின்னு, நிதானமாப் பாத்துட்டு, திரும்பிப் போயிருச்சு. பதிமூணு பேரும் சிரிச்சது சிரிச்சபடி நின்னாங்க.

அப்புறம் ராத்திரி வீட்டுக்குப் பூங்கோதையோட அப்பா அம்மா வந்தாங்க. புலியப் பாத்தீங்களான்னு அவ அம்மா கேட்டா. பாக்காமயா, பக்கத்துலயே பாத்தோம்னு மாமனார் போனைத் தொறந்தார். யானை போட்டோவுல யானை இல்ல. கடைசிப் போட்டோவுல இவங்களே இல்ல. பூங்கோதையோட செருப்பு மட்டும் இருக்கு. அட, அப்போ புலி என்னதான் பண்ணுச்சுன்னு அவ அம்மா விடாம கேக்கறா. பதிமூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. மாமனார் லொக்கு லொக்குன்னு இருமி, நீ சொல்லும்மான்னு அவகிட்ட தள்ளிவிட்டார்.

"நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நின்னீங்க மாமா. அது பின்னாடி வந்து, உங்களப் பாத்துக் கொட்டாவி விட்டுச்சு."

மாமியார்தான் மொதல்ல அவ எதிர்ல வந்து உக்காந்தாங்க. எப்படி விட்டுச்சு, செஞ்சு காட்டுன்னாங்க.

பூங்கோதை செஞ்சு காட்டினா. ஆஆஆவ்வ்வ்.

உடனே மாமனாரும் ஒரு கொட்டாவி விட்டார். அடுத்து மாமியார். அப்புறம் ஓரகத்தி, அப்புறம் மத்தவங்க, போட்டோவுல நின்ன அதே வரிசையில. இதோ, உனக்கும் வந்துருச்சு பாரு. வாய மூடு, கண்ணையும் மூடு. புலி புதருக்குள்ள போயாச்சு, கதையும் போயாச்சு.