செவ்வல்லி விரிந்த பந்தி

கேளுங்கள் பிள்ளைகளே, பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். மலைகளுக்கு யாரும் பெயர் வைத்திராத காலத்தில், இரண்டு நாடுகளுக்கு நடுவே குளிராறு என்று ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மேல்கரை நாட்டைச் சேந்தன் என்ற அரசன் ஆண்டான். கீழ்கரை நாட்டை வயமான் என்ற அரசன் ஆண்டான்.

ஆற்று நீர் யாருக்குச் சொந்தம் என்று இருவரும் பன்னிரண்டு ஆண்டுகள் போரிட்டார்கள். நடு ஆற்றைத் தாண்டி யார் கால் வைத்தாலும் தலை போகும் என்று இரண்டு நாட்டிலும் சட்டம் இருந்தது. பன்னிரண்டாம் ஆண்டு மழை பொய்த்தது. ஆறு முழங்கால் அளவுக்கு இறங்கியது. வாள் தூக்கிய கைகள் ஓய்ந்துபோயின.

அப்போது சேந்தன் ஒரு தூதனை அனுப்பினான். “முதல் கதிர் விழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மூன்று நாள் விருந்து. மனம் ஒத்துப்போனால் ஆற்றைப் பகிர்ந்துகொள்வோம். ஒத்துப்போகாவிட்டால் நான்காம் நாள் மறுபடியும் போர்.”

வயமானும் வருவதாகச் சொல்லிவிட்டான்.

மேல்கரை அரண்மனையில் இலை போடும் வேலை உமையாளுடையது. இருபது ஆண்டுகளாக வாழை இலையைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, நுனி இடப்பக்கம் வரும்படி போட்டுப் பழகிய கை அவளுடையது. அவள் கணவன் போரின் ஏழாம் ஆண்டில் ஆற்று மணலில் விழுந்தான். கொன்றவர்கள் கீழ்கரைக்காரர்கள். அவர்களுடைய அரசனுக்கு இலை போட வேண்டும் என்று கேட்டபோது அவள் இலைக்கட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

போர் கருவூலத்தைத் துடைத்துவிட்டிருந்தது. பந்தியை அலங்கரிக்க நாளுக்குப் பத்துக் காசுதான் தர முடியும் என்றான் சேந்தன்.

முதல் நாள் ஒரு பட்டு வணிகர் முன்வந்தார். பத்துக் காசை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, தன் கடையிலிருந்த பட்டையெல்லாம் வண்டியில் கொண்டுவந்தார். அரசனின் தயவு பிறகு கிடைக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பந்திப் பலகையின் நடுவில் ஆள் உயரத்துக்குப் பட்டு மயில்களை நிறுத்தினார். பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். ஆனால் எதிரும் புதிருமாக உட்கார்ந்த இரண்டு அரசர்களாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. சேந்தன் மயிலிடம் நலம் விசாரித்தான். வயமான் மயிலுக்குப் பதில் சொன்னான். பாதிச் சோற்றில் வயமான் எழுந்துவிட்டான்.

இரண்டாம் நாள் வாசனைத் திரவியம் செய்பவர் ஒருவர் வந்தார். அவரும் பத்துக் காசை வாங்கிக்கொண்டார். பலகை நெடுகச் சந்தனக் குழம்பு, தாழம்பூ, மல்லிகைக் குவியல், சுற்றிலும் அகிற்புகை. அந்த வாசனையில் பருப்பின் மணமும் போயிற்று, நெய்யின் மணமும் போயிற்று. கீழ்கரை வீரர்கள் தும்மினார்கள். “எதை மறைக்க இவ்வளவு வாசனை?” என்று வயமான் தன் தளபதியின் காதில் கேட்டான். இலையை எடுக்க வந்த உமையாளுக்கு அது கேட்டது. மூன்று கவளத்துக்கு மேல் அந்த இலையில் குறையவில்லை.

மூன்றாம் நாளுக்கு யாரும் முன்வரவில்லை.

சேந்தன் வெறும் பந்தி மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். உமையாள் தூணோரம் வந்து நின்றாள்.

“அரசே, நாளைக்கு நான் செய்து பார்க்கட்டுமா?”

சேந்தன் நிமிர்ந்து பார்த்தான். “உன் வீட்டுக்காரர் ஆற்றுப் போரில் போனவர் அல்லவா? கீழ்கரைக்காரர்களுக்காகவா நீ பந்தியை அழகுபடுத்துவாய்?”

“போர் தொடர்ந்தால் இன்னும் எத்தனையோ வீட்டில் விளக்கு அணையும் அரசே. அதை நினைத்துத்தான் கேட்கிறேன்.”

அவன் பத்துக் காசை அவள் கையில் வைத்தான்.

மறுநாள் விடியும் முன்பே அவள் கூடையோடு ஆற்றுக்குப் போனாள். ஆறு முழுவதும் பனி. எது நீர், எது வானம் என்று தெரியாத வெண்மை. கரையோர நாணல்கள் மட்டும் கனவில் நிற்பவைபோல மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தன. வெண்ணிற நாணல் பூக்களை அவள் பறித்துக்கொண்டிருந்தபோது, எதிர்க்கரையில் தண்ணீர் அளையும் சத்தம் கேட்டது.

“யாரம்மா அந்தப் பக்கம்?” என்றாள் உமையாள்.

“பூப் பறிக்க வந்தவள்” என்று பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. “இங்கே மடுவில் செவ்வல்லி விரிந்திருக்கிறது. நீ யார்?”

“நானும் பூப் பறிக்கத்தான் வந்தேன். உங்கள் அரசருக்கு இன்று விருந்து. எனக்குக் கொஞ்சம் செவ்வல்லி கிடைக்குமா?”

அந்தக் குரல், “நடு ஆறு வரைக்கும்தான் நான் வர முடியும்” என்றது.

“நீங்கள் அங்கேயே நில்லுங்கள் அக்கா. நான் வருகிறேன்.”

உமையாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். நடு ஆற்றையும் கடந்து, பனியில் நிழலாய்த் தெரிந்த அந்தப் பெண்ணுக்கு அருகில் போய் நின்றாள். நரை விழுந்த தலை, நெற்றியில் பொட்டில்லை. ஒருவர் கூடையிலிருந்து மற்றவர் கூடைக்குப் பூ மாறியது. வெள்ளை அந்தப் பக்கம் போயிற்று, சிவப்பு இந்தப் பக்கம் வந்தது.

“உன் வீட்டில் யார் போனது?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“என் கணவர். உங்கள் வீட்டில்?”

“ஒரே மகன்.”

தண்ணீர் அவர்கள் கால்களைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அரண்மனைக்குத் திரும்பிய உமையாள் பத்துக் காசுக்கும் நல்லெண்ணெய் வாங்கினாள். மற்றதெல்லாம் சமையற்கட்டில் கிடந்தது. வெட்டிப்போட்ட வாழைமரங்களின் மட்டைகளை உரித்தாள். ஓடம்போலக் குழிந்த அவற்றை ஒன்றன் நுனியில் ஒன்றாகச் செருகி, களிமண் அப்பி, பந்திப் பலகையின் நடுவே நீளமாக வைத்தாள். அதில் ஆற்று நீரை நிரப்பினாள். பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகளில் எண்ணெய் விட்டுத் திரி போட்டு மிதக்கவிட்டாள். இரண்டு ஓரமும் நாணல் பூவைத் தாழ்வாகப் படுக்கவைத்தாள். நடுவில் செவ்வல்லி.

ஆனால் வெயில் ஏற ஏற அல்லிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மாலை வருவதற்குள் நீரில் மிதந்தவை கூம்பிய மொட்டுகள் மட்டும்தான்.

“பட்டு மயில் நின்ற இடத்தில் பட்டை மட்டையா?” என்று தலைமைச் சமையற்காரர் நொந்துகொண்டார். இனிச் செய்ய ஒன்றுமில்லை. உமையாள் கையைத் துடைத்துக்கொண்டு இலை போட்டாள். வயமானின் இடம் வந்தபோது அவள் கை ஒருகணம் நின்றது. பிறகு எல்லா இலைகளையும்விட அகலமான ஒன்றைத் தேடியெடுத்து அங்கே விரித்தாள்.

அந்தி சாய்ந்தது. வயமான் வந்து உட்கார்ந்தான். நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. எதிரே சேந்தனின் முகம் தெரிந்தது. தன் முகத்தைப்போலவே களைத்த முகம். சோற்றின் மணமும் நெய்யின் மணமும் அதனதன் இயல்பில் எழுந்தன.

திரிகள் எரியத் தொடங்கின. நீரில் பட்ட ஒளி மண்டபத்தின் கூரையில் அலை அலையாய் ஆடியது. எல்லோரும் ஆற்றுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அப்போது ஓர் அல்லி மெல்ல இதழ் பிரித்தது. இரவில் மலரும் பூ அல்லவா அது. அதன் பக்கத்தில் இன்னொன்று விரிந்தது. பிறகு மூன்றாவது. சோறு பிசைந்த கைகள் அப்படியே நின்றன. பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பாய் விரிந்துகொண்டே போயிற்று.

“இது எங்கள் மடுவில் பூக்கும் பூ” என்றான் வயமான் மெதுவாக. “இங்கே எப்படி வந்தது?”

உமையாளுக்குச் சட்டம் தெரியும். அவள் முன்னால் வந்து கைகூப்பினாள்.

“உங்கள் கரைப் பெண்ணொருத்தி கொடுத்தாள். அவள் எல்லையைத் தாண்டவில்லை அரசே. நடு ஆற்றைத் தாண்டிப் போனது நான்தான்.”

“அவள் பெயர் என்ன?”

“கேட்கவில்லை. அவள் மகனைப் போரில் இழந்தவள். நான் கணவனை இழந்தவள். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம்.”

வயமான் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் முன்னால் இருந்த மட்டை விரிசல்விட்டது. நீர் ஒழுகி இரண்டு அரசர்களின் இலைகளையும் நோக்கி வந்தது. சேந்தன் சட்டென்று கையைக் கொடுத்து மட்டையைத் தாங்கினான். அவன் கை ஒருபக்கத்துக்குத்தான் போதுமாயிருந்தது. மறுபக்கத்தை வயமான் தாங்கிப்பிடித்தான். உமையாள் களிமண் எடுத்துவர ஓடினாள்.

அவள் திரும்பிவந்து விரிசலை அடைக்கும்வரை இரண்டு அரசர்களாலும் கையை எடுக்க முடியவில்லை. நெற்றியோடு நெற்றி முட்டும் தூரத்தில் அப்படியே இருந்தார்கள்.

“கை வலிக்கிறதா?” என்று கேட்டான் சேந்தன்.

“விட்டால் உன் இலையும் நனையும், என் இலையும் நனையும்” என்றான் வயமான். சொல்லிவிட்டு இரண்டு இலைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, “ஆற்று நீர் ஒரு மாதம் உனக்கு, ஒரு மாதம் எனக்கு. மழை வந்தால் பிறகு பேசிக்கொள்வோம்” என்றான்.

“சரி” என்றான் சேந்தன். “அந்த எல்லைச் சட்டம்?”

“பூக்கொடுத்தவளையும் பூவாங்கியவளையும் தண்டிக்கிற சட்டம் எனக்கு வேண்டாம். உனக்கு?”

“எனக்கும் வேண்டாம்.”

உமையாள் விரல்களில் களிமண்ணோடு நின்றாள். ஐந்து ஆண்டுகளாக இறுகிக்கிடந்த ஏதோ ஒன்று அவள் நெஞ்சுக்குள் இளகிற்று. கண்ணீர் வந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

வயமான் கையை உதறிவிட்டு இலையைப் பார்த்தான். அவளை நிமிர்ந்து பார்த்து, “அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்கள். நல்ல பசி” என்றான்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: வருகிறவர் மனத்தை நினைத்துச் செய்கிறவருக்கு, கையில் இருக்கிற கொஞ்சமே விருந்துக்குப் போதுமான அழகாகும்.