மூன்று தட்டு

கரிச்சான் குருவிக்கு மரங்கொத்தியைக் கண்டாலே வயிறு எரியும்.

சிங்கராஜாவின் அறிவிப்புகளை நரி மந்திரி பாறைமேல் நின்று வாசிக்கும். கேட்ட மாத்திரத்தில் கரிச்சான் காடெங்கும் பறந்து கத்திச் சொல்லிவிடும். ஆனால் ஒரு விலங்கும் அசையாது. எல்லாம் மரங்கொத்தியின் பட்டமரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அது ஒருமுறை தட்டினால், "ராஜா சொன்னார், நான் பார்க்கவில்லை" என்று பொருள். மூன்று முறை தட்டினால், "நானே போய்ப் பார்த்தேன்!"

"முந்திச் சொல்வது நான். பேர் மட்டும் அவனுக்கா?" என்று பொருமியது கரிச்சான்.

கடுங்கோடையில் ஒருநாள் நரி வாசித்தது: "வடக்குக் குளத்து முதலையை விரட்டியாயிற்று! இனி எல்லாரும் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம்!" நரி அந்தக் குளத்துப் பக்கமே போனதில்லை என்பது வேறு கதை.

மரங்கொத்தி ஒரு தட்டு தட்டிவிட்டுக் குளத்துக்குப் பறந்தது. தாகத்தில் தவித்த மான்கள்கூட அது வரட்டும் என்று காத்துக்கிடந்தன. கரிச்சானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்ட ஒலியை அப்படியே எழுப்பத் தெரிந்த பறவை அது. இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு, "டக்! டக்! டக்!" என்றது.

மரங்கொத்தி திரும்பிவிட்டது என்று நம்பி மான்கள் குளத்துக்கு ஓடின. தண்ணீரில் வாய் வைத்த முதல் மானின் காலை முதலை கவ்வியது! அங்கே பார்த்துக்கொண்டிருந்த மரங்கொத்தி பாய்ந்து முதலையின் கண்ணில் கொத்தியது. மான் நொண்டிக்கொண்டே தப்பியது.

"நான் இன்னும் மூன்று தட்டு தட்டவே இல்லையே! தட்டியது யார்?" என்று கேட்டது மரங்கொத்தி.

"கரிச்சான்தான்! என் கிளைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தான்!" என்று போட்டுக்கொடுத்தது குரங்கு.

பத்து நாள் கழித்துக் கரிச்சான் அலறிக்கொண்டு வந்தது. "நெருப்பு! தெற்கு மூங்கில் காட்டில் நெருப்பு! என் கூட்டில் மூன்று முட்டை இருக்கிறது!"

"இன்றைக்கு யார் மாதிரி கத்துகிறாய்?" என்று சிரித்தது யானை.

"நான் நானாகத்தான் கத்துகிறேன், ஐயா! சீக்கிரம் வாருங்கள்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. மரங்கொத்திதான், "இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்" என்று பறந்தது. திரும்பி வந்து மூன்று முறை தட்டியது. உடனே யானைகள் ஓடையில் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு ஓடின. நெருப்பு அணைந்தது, காடு பிழைத்தது. மரங்கொத்தி போய் வந்த அந்த நேரத்துக்குள் கரிச்சானின் கூடு எரிந்துபோயிருந்தது.

பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒருமுறை சொன்னவர், பிறகு கண்ணால் கண்டதைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.