கேப்டன் எறிஞ்சா கீழ விழும்

"என் டீம்ல என்னைத் தவிர எட்டு பேரு. எட்டு பேரு கையிலயும் வெளக்கெண்ணெய்," அப்படின்னு வந்து நின்னாரு தில்லைநாயகம்.

ஸ்டெல்லா மணல்ல கால நீட்டி உக்காந்து மொளகா பஜ்ஜி தின்னுக்கிட்டிருந்தா.

"எட்டு பேருக்குமா?"

"எட்டு பேருக்கும். நான் எறிஞ்சா போதும், பொத்துனு கீழ."

தில்லைநாயகத்துக்கு நாப்பத்தோரு வயசு. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பீச்ல டிஸ்க், அதான் அந்தப் பறக்குற பிளாஸ்டிக் தட்டு, எறிஞ்சு ஆடுற டீமுக்குக் கேப்டன். ஸ்டெல்லாவுக்கு இருபத்தேழு. ஆட்டோ ஓட்டுறா. அவளுக்கு ஸ்டியரிங் புடிக்கக் கத்துக் குடுத்தவரே இவருதான். ஆனா டிஸ்க்குன்னு வந்துட்டா அவதான் குரு. முட்டி போனதுலேர்ந்து அவ ஓடுறதில்ல. உக்காந்த எடத்துலேர்ந்தே எல்லாரையும் ஓட விடுவா.

ஆட்டம் ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. டிஸ்க்க ஒருத்தருக்கொருத்தர் எறிஞ்சு எறிஞ்சு அந்தக் கோட்டுக்கு அப்பால கொண்டு போவணும். கீழ விழுந்தா எதிர் டீமுக்குப் போயிடும். அம்பயர் கிடையாது, விசில் கிடையாது.

"என்னென்ன பண்ணிப் பாத்தீங்கண்ணா?"

"கிளவுஸ் வாங்கிக் குடுத்தேன். ஈர மண்ணத் தேய்க்கச் சொன்னேன். தெனம் நூறு தடவ புடிக்க வச்சேன். ம்ஹூம். நாளைக்குக் காலையில மேட்ச்சு. யாகூப்பத் தூக்கிடலாம்னு இருக்கேன்."

"யாகூப்பையா? நாலு வருசமா ஒரு நாள் லீவு போடாம வர்றவன்ண்ணா."

"வர்றான். வந்து கீழ விடுறான். நேத்து மட்டும் நான் எறிஞ்சதுல ஆறு."

"மத்தவங்க எறிஞ்சதுல?"

யோசிச்சாரு.

"அதெல்லாம் புடிக்கிறான். வேணும்னே பண்றான்மா!"

ஸ்டெல்லா வெரல நக்குனா. கைய மணல்ல தேச்சா. டிஸ்க்க எடுத்துக்கிட்டு எந்திரிச்சா.

"போய் நில்லுங்கண்ணா. நான் எறியறேன்."

"எனக்கா? எனக்கெதுக்கு? நான் விட்டதே இல்லையே."

"சும்மா நில்லுங்க."

நின்னாரு. மொத டிஸ்க்கு வந்துச்சு. மேல ஒரு கை, கீழ ஒரு கை. டப்.

"பாத்தியா?"

ரெண்டாவது. டப்.

"இதுல என்ன கஷ்டம்னு கேக்குறேன்!"

மூணாவது டிஸ்க்கு அவ கைய விட்டுக் கெளம்புச்சு. கெளம்புன அதே செகண்டு ரெண்டு கையையும் தலையில வச்சா ஸ்டெல்லா. ஒதடு ஒரு பக்கமா கோணிக்கிச்சு. இடுப்பு சரிஞ்சிச்சு. வலது காலு, மணல்ல இல்லாத பிரேக்க ஓங்கி அமுக்குச்சு. தொண்டையிலேர்ந்து அச்சு அசலா ஒரு ஆம்பளக் கொரலு:

"போச்சு... போச்சு... போச்ச்ச்சுடா!"

டிஸ்க்கு தில்லைநாயகத்தோட நெஞ்சுல பட்டுக் கீழ விழுந்துச்சு.

கொஞ்சம் தள்ளி தண்ணிக் கேன்கிட்ட நின்ன டீம் ஆளுங்க எட்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. பதினாறு தோளும் குலுங்குச்சு.

"என்னம்மா அது?"

டிஸ்க்க வாங்கி மறுபடி எறிஞ்சா. மறுபடி தலையில கை. "போச்சுடா!"

விழுந்துச்சு.

இன்னொண்ணு. இந்தத் தடவ வாயே தொறக்கல. ஒதட்ட மட்டும் கோணுனா.

அதுவும் விழுந்துச்சு.

தில்லைநாயகத்துக்குக் கோவம் வந்துடுச்சு. "ஏம்மா, நான் டிஸ்க்கப் பாக்குறதா, உன் மூஞ்சியப் பாக்குறதா? புடிக்கிறதுக்கு முன்னாடியே போச்சு போச்சுன்னா மனுசன் எப்படிப் புடிப்பான்?"

"யாகூப்!" அப்படின்னு கூப்புட்டா ஸ்டெல்லா. "இங்க வா. அண்ணன் என்னமோ கேக்குறாரு, பதில் சொல்லிட்டுப் போ."

யாகூப் ஓடியாந்து நின்னான்.

"என்ன கேப்டன்?"

தில்லைநாயகம் குனிஞ்சு காலடியில கெடந்த டிஸ்க்க எடுத்தாரு.

"ஒண்ணுமில்ல. அங்க போய் நில்லு, எறியறேன்."

எறிஞ்சாரு. கொறை சொல்ல முடியாத எறி, நெஞ்சுக்கு நேராப் போச்சு. கைக்கு வர்ற கடைசி நேரத்துல யாகூப்போட கண்ணு டிஸ்க்க விட்டுட்டு கேப்டன் மூஞ்சிக்குத் தாவுச்சு.

பொத்.

தில்லைநாயகத்தோட ரெண்டு கையும் அதுபாட்டுக்கு மேல கெளம்பிடுச்சு. காதுகிட்ட போனப்புறந்தான் அவரே பாத்தாரு. மேல ஏத்தவும் முடியல, கீழ எறக்கவும் வெக்கமா இருக்கு.

தட்டிட்டாரு. படபடன்னு கை தட்டிட்டாரு.

எட்டு பேரும் வாயப் பொளந்துட்டாங்க.

"கேப்டன், உடம்பு கிடம்பு சரியில்லையா?" யாகூப்தான் கேட்டான்.

"நல்லாதான்டா இருக்கேன். எடுத்துக் குடு, இன்னொண்ணு எறியறேன்."

யாகூப் டிஸ்க்க எடுத்துக் குடுத்தான். போகாம அங்கயே நின்னான். மெதுவாக் கேட்டான்:

"நாளைக்கு நான் உண்டா கேப்டன்?"

"அஞ்சரைக்கெல்லாம் இங்க இருக்கணும். போ, போய் நில்லு."

எறிஞ்சாரு.

யாகூப் அவரப் பாக்கவே இல்ல. டப்.