மகுடபதியின் எடை

மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பரை வண்டியை மட்டும் பார்த்து வாங்கினால் போதும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். இது பெரும்பிழை. உட்காருகிறவரின் எடையையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கோவையில் நெடும்பயண பைக் கிளப் ஒன்றின் தலைவர் மகுடபதி. புது ஷாக் மாட்ட வந்தவர், தம் எடை எழுபத்தைந்து கிலோ என்றார். மெக்கானிக் கோகிலவாணி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சொன்னதை எழுதம்மா," என்றார். எழுதி, அதற்கேற்ற ஷாக்கையே மாட்டினாள்.

மறுநாள் கிளப் ஆட்கள் புடைசூழ வந்தார். "குழிக்குக் குழி தட்டுது. மட்டமான சரக்கு. இந்தப் பொண்ணை இன்னைக்கே அனுப்புங்க," என்றார் ஒர்க்‌ஷாப் முதலாளியிடம். முதலாளி தலையைச் சொறிந்தார்.

"சோதிச்சுப் பாத்துடலாமுங்க," என்றாள் கோகிலவாணி. "இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை மூணு சீட்டுல வெச்சு, எவ்வளவு அமுங்குதுன்னு அளக்கறனுங்க. அப்புறம் நீங்க உக்காருங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தா சரக்கு மட்டம்தானுங்க. நானே வேலையை விட்டுப் போயிடறேன்."

கிளப் ஆள் ஒருவர் பக்கத்து மளிகைக்கடைக்கு நடக்கத் தொடங்கினார். இன்னொருவர் அளவு டேப்பை நீட்டினார்.

மகுடபதி தொண்டையைச் செருமினார். "இரும்மா. பின்னாடி கட்டற பயணப் பையைக் கணக்குல சேர்க்க மறந்துட்டேன்."

"பை எத்தனை கிலோங்க?"

"முப்பத்தஞ்சு."

ஆள் எழுபத்தைந்து, பை முப்பத்தைந்து என்று எழுதி, அதைத் தாங்கும் ஷாக்கை மாட்டினாள்.

ஞாயிறன்று வால்பாறைக்கு இருபது வண்டிகள் கிளம்பின. அவற்றில் பை இல்லாமல் போனது தலைவருடைய வண்டி மட்டும்தான்.