ஒத்தைப் பாயிண்ட்டுக்காரி

ஜெபக்கனி டீச்சர் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மரியசெல்வி வந்து பக்கத்தில் நின்றாள். கையில் ஒரு மக்ரூன் டப்பா.

டீச்சர் நிமிரவில்லை.

"யாரது, நிழல் மட்டும் வந்து நிக்குது?"

"நான்தான் டீச்சர். செல்வி."

"டிவியில வார செல்வியா, எங்கிட்ட அடி வாங்குன செல்வியா?"

"அடி வாங்குன செல்விதான்."

"அப்போ அந்த வாளியை எடு. அந்தப் பக்கக் கோடு பாக்கி கெடக்கு."

டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு அவள் வாளியை எடுத்தாள்.

இந்த டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கம் கபடி ஆடுகிற பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்தான். கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆடவிட்டுப் பார்ப்பார். மரியசெல்வி அவர் கையில் வளர்ந்தவள். எதிரிப் பக்கம் பாடிப்போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற வேலையில் அவளுக்கு நல்ல பெயர். இப்போது ஒரு கம்பெனி அணியில் சம்பளத்துக்கு ஆடுகிறாள்.

"மக்ரூன் எல்லாம் வந்திருக்கு. என்ன விசேஷம்?"

"ஜெயிச்சிட்டேன் டீச்சர்."

"எந்தக் கோர்ட்டுல?"

"கபடிக் கோர்ட்டு இல்ல டீச்சர். மத்தியஸ்தர்கிட்ட. சம்பளத்துக்கு."

"சம்பளத்துக்கு எதுக்குட்டி மத்தியஸ்தர்?"

"ஒப்பந்தம் முடிஞ்சா கம்பெனி ஒரு தொகை சொல்லும், நாம ஒரு தொகை சொல்லுவோம். ஒத்து வரலைன்னா ரெண்டையும் மத்தியஸ்தர் முன்னால வைக்கணும். அவங்க எட்டு லட்சம்னாங்க. நான் பன்னெண்டுன்னேன்."

"பத்துன்னு முடிச்சிருப்பாரு."

"அதுக்கு அவருக்கு அதிகாரம் கெடையாது. ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும்."

"கத்தரிக்கா வாங்குறதுல கூட நடுவுல ஒரு வெலை உண்டேட்டி."

"இதுல இல்ல டீச்சர்."

"அப்போ ஒருத்தர் முழுசாத் தோக்கணும்."

"ஆமா."

"யாரு தோத்தா?"

மரியசெல்வி வாளியைக் கீழே வைத்தாள்.

"கம்பெனி."

டீச்சர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"தோத்த மூஞ்சி ஒங்கிட்டல்லா இருக்கு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஒரு ஓட்டல் மாடியில் வைத்துப் பேச்சு நடந்தது. கம்பெனிக்கு வக்கீல் வந்திருந்தார், மேனேஜர் வந்திருந்தார். செல்விக்குச் செல்வியேதான்.

வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. அணியில் பேச்சியம்மாள் என்று இன்னொருத்தி உண்டு, அவளும் பாடிப் போகிறவள், செல்விக்கு மூத்தவள், அவளே எட்டு லட்சத்துக்குச் சரி என்று தலையாட்டிவிட்டாள், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, அப்படியிருக்க இந்தப் பெண்ணுக்கு மட்டும் எப்படிப் பன்னிரண்டு என்று கேட்டார்.

மத்தியஸ்தர் செல்வி பக்கம் திரும்பினார்.

"நியாயமான கேள்விதாம்மா. பேச்சியம்மாளை விட நீங்க எந்த வகையில கூடுதல்?"

அந்த இடத்தில் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி பேச்சியை வைத்துத்தானே வந்தது? பதிலும் பேச்சியை வைத்தே வந்துவிட்டது.

"அவங்க ஒத்தைப் பாயிண்ட்டுக்காரி சார். போனா ஒருத்தியைத் தொட்டுட்டு ஓடி வந்துருவாங்க. நான் போனா ரெண்டு பேரு, மூணு பேருன்னு அள்ளிட்டு வருவேன்."

வக்கீல் சிரித்தார். "ஆனா வருஷா வருஷம் நின்னு ஆடுறாங்களே. அவங்க இன்னும் நாலு வருஷம் ஆடுவாங்க. உங்க ஆட்டம் அத்தனை நாள் நிக்கும்னு என்ன உறுதி?"

மத்தியஸ்தர் தலையை ஆட்டினார். சும்மா ஆட்டினாரோ என்னமோ. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் பன்னிரண்டு கைநழுவுகிறது என்று செல்விக்குத் தோன்றிவிட்டது.

"அவங்க எங்க சார் நாலு வருஷம் ஆடுவாங்க? வலது முட்டி போச்சு. ராத்திரி உப்பு ஒத்தடம் குடுக்கிறதே நான்தான்."

அதுவரைக்கும் போனை நோண்டிக்கொண்டிருந்த மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பன்னிரண்டு கிடைத்தது.

"பேச்சி?" என்றார் டீச்சர்.

"டாக்டரைக் கூட்டிட்டு வந்து அக்காவ உக்காந்து எந்திரிக்கச் சொல்லிருக்காங்க. அக்காவால எந்திரிக்க முடியலை. கையெழுத்து இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"யாரு சொன்னதுன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்குத்தான் மொதல்ல போன் போட்டாங்க டீச்சர்."

பேச்சி போனில் சொன்னதை அப்படியே சொன்னாள். வேறு மாதிரிச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"ஏட்டி செல்வி, எவளோ ஒருத்தி போட்டுக் குடுத்துட்டாட்டி. போறா, நல்லா இருக்கட்டும். நீ என்னை நெனைச்சு அழுதுட்டுக் கெடக்காத. ஒனக்குப் பன்னெண்டு கெடைச்சுட்டாமே? எனக்கு அது போதும்ட்டி."

இனி என்ன செய்வீங்கக்கா என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"உப்பளம் எங்க ஓடிப் போச்சு?" என்று பேச்சி சிரித்திருக்கிறாள்.

அந்த முட்டியை வைத்துக்கொண்டு உப்புப் பாத்தியில் நிற்க முடியாது. அது பேச்சிக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் உப்பளத்துப் பிள்ளைகள்தானே.

"டீச்சர், நான் பொய் சொல்லலை. கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன். சொன்னதுல ஒரு வார்த்தை பொய் கெடையாது." அவள் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். "பெறகு ஏன் டீச்சர் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு?"

டீச்சர் கையிலிருந்த பொடியைத் தட்டினார்.

"செருப்பைக் கழட்டு. ஆடு."

"டீச்சர், நான் கேட்டது..."

"காது கேட்டுச்சு. ஆடு."

சாயங்காலப் பயிற்சிக்கு வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரெண்டு பக்கமும் நின்றார்கள். செல்வியை எங்கள் பக்கம்தான் விட வேண்டும் என்று ஒரே சத்தம். டீச்சர் அவளை ஆள் குறைந்த பக்கம் நிறுத்திவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

செல்விதான் முதலில் பாடிப் போனாள். நெஞ்சு முழுக்க வேறு நினைப்பு. ஒரு பிள்ளை கணுக்காலைப் பிடித்தாள். இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள். பிறகு மொத்தமாக மேலே ஏறிவிட்டார்கள்.

"டிவி அக்காவப் பிடிச்சிட்டோம்லா!"

"எக்கா, வலிக்காக்கா?"

"அவளுக்கு வலிக்கட்டும். நீ எந்திரி," என்றார் டீச்சர்.

செல்வி வெளியே வந்து கோட்டுக்கு அப்பால் உட்கார்ந்தாள். கபடியில் அவுட்டான ஆள் தானாக உள்ளே வர முடியாது. எத்தனை பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் இதுதான் சட்டம். உள்ளே நிற்கிற யாராவது போய் ஒரு பாயிண்ட் எடுத்தால் வெளியே இருக்கிற ஒருத்திக்குத் திரும்ப ஆட்டம். அதை உயிர் வருவது என்பார்கள்.

அவள் காலில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசில் கேட்டது.

"எக்கா உயிரு! உயிரு வந்துட்டு, வாங்க!"

எழுந்து உள்ளே ஓடினாள்.

டீச்சர் கை காட்டி நிறுத்தினார்.

"யாரு எடுத்தா?"

"என்ன டீச்சர்?"

"ஒன்னை உள்ள கூப்பிட்ட பாயிண்ட்டு. யாரு எடுத்தா?"

செல்வி பிள்ளைகளைப் பார்த்தாள். எல்லா முகத்திலும் ஒரே மாதிரி வேர்வை, ஒரே மாதிரி மண். ஒருத்தி மட்டும் அவளையே பார்த்து இளித்துக்கொண்டிருந்தாள். அவளாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"பாக்கலை டீச்சர்."

"எத்தனை எடுத்தா?"

"ஒண்ணு."

"ஒத்தைப் பாயிண்ட்டா?"

செல்விக்கு முகம் சுட்டது.

டீச்சர் பக்கத்தில் வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நீ அவுட்டாகி வெளிய உக்காந்திருப்ப. பேச்சி பாடிப் போவா. அவளும் உள்ள நுழைஞ்சு ரெண்டு மூணுன்னு அள்ளலாம்லா? ஏன் ஒருத்தியைத் தொட்டுட்டு ஓடி வந்தா?"

செல்வி யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? நூறு ஆட்டம் பக்கத்தில் நின்று ஆடியவள்.

"உள்ள நுழைஞ்சா மாட்டிக்கிட வாய்ப்பு உண்டு டீச்சர். அக்காவும் அவுட்டானா நான் வெளியவே கெடக்கணும். எனக்கு உயிர் வர ஒண்ணு போதும்."

"இதை மத்தியஸ்தர்கிட்ட சொன்னியா?"

"அவரு கேக்கலை டீச்சர்."

"ம்."

காற்று வாக்கில் சுண்ணாம்புப் பொடி கொஞ்சம் பறந்தது. டீச்சர் வேறு எதுவும் சொல்வார் என்று அவள் நின்றாள். பிறகு அவளே மெதுவாக ஆரம்பித்தாள்.

"டீச்சர், அந்த ரூம்ல இருந்தவங்க யாரும் அக்காகிட்ட சொல்லப் போறதில்ல."

"சரி."

"நான் மாசா மாசம் அக்காவுக்குக் கொஞ்சம் அனுப்பிருதேன். வைத்தியச் செலவும் நானே பாத்துக்கிடுதேன். தங்கச்சி செய்யுதான்னு நெனைச்சுக்கிடுவாங்க."

"சரி."

"சொன்னா அவங்களுக்கு இருக்கிற ஆறுதலும் போயிரும். எவளோ ஒருத்தின்னே இருந்துட்டுப் போகட்டுமே. அப்படி விட்டா தப்பா டீச்சர்?"

டீச்சர் விசிலை வாயில் வைத்தார். ஆடுகளத்தைக் காட்டினார்.

"உயிர் வந்தவ எதுக்கு வெளிய நிக்கா? உள்ள போ."

செல்வி போய், பிள்ளைகளோடு கை கோத்து நின்றாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மெலிந்த பிள்ளை பாடிக்கொண்டு வந்தாள். குச்சிக் கால், குச்சிக் கை. டிவி அக்கா நிற்கிற பக்கம் வரவே அவளுக்குப் பயம். இந்த மூலைக்கு வந்தாள், அந்த மூலைக்குப் போனாள். ஒரு தரம் காலை வீசினாள், யார் மேலும் படவில்லை. மூச்சு முடியப் போகிற நேரம், திரும்பி ஓடும்போது கையை ஒரு வீசு வீசினாள். செல்வியின் முழங்கைக்குப் பின்னால் ஏதோ உரசிப் போனது. நகமாக இருக்கலாம்.

ஒன்றும் எடுக்காமல் வந்துவிட்டோமே என்று அந்தப் பிள்ளை தன் பக்கம் போய்த் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கூட்டாளிகள் திட்ட ஆரம்பித்தார்கள்.

"ஏட்டி, பாட மட்டும் தெரியும் ஒனக்கு!"

செல்வியின் வலது கை தானாக மேலே போயிற்று. கையைத் தூக்கியபடியே அவள் நடந்து கோட்டைத் தாண்டி வெளியே வந்து உட்கார்ந்தாள்.

அவள் பக்கத்துப் பிள்ளைகள் பதறிவிட்டார்கள்.

"எக்கா! எங்க போறீங்க? தொடவே இல்லையே!"

"தொட்டுட்டா."

"யாரு, நானா?" என்றாள் அந்த மெலிந்த பிள்ளை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த நொடி அவள் பக்கம் முழுக்கக் கூத்தாட்டம். திட்டினவளே அவளைத் தூக்கிச் சுற்றினாள்.

டீச்சர் ஆடுகளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். செல்வி உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் நின்றார். விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"நான் ஊதினேனா?"

"இல்ல டீச்சர்."

"கூட நின்ன பிள்ளையள் பாத்துச்சா?"

"பாக்கலை."

"தொட்டவளுக்கே தெரியலை."

செல்வி தலை குனிந்தாள்.

"பெறகு எதுக்குட்டி நீ எந்திரிச்சு வெளிய வந்தே?"